பஸ்ஸில் நான் கேட்ட கேள்வி

அருப்புக்கோட்டையில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். ஒருநாள் பஸ்ஸில், என்னிடம் ஆலோசனைக்கு வரும் பெண்ணைப் பார்த்ததும் வாய் சும்மா இராமல், "இப்பத் தூக்கம் வருதாம்மா?" என்று கேட்டுவிட்டேன். அவள் முகம் வெளிறிவிட்டது. பக்கத்தில் அவள் மாமியார்.

"இவுக யாரு?"

"தையல் சொல்லித்தர்ற அக்கா, அத்தை."

வீட்டில் தையல் வகுப்பு என்று சொல்லிவிட்டுத்தான் அவள் என்னிடம் வந்துகொண்டிருந்தாள். உண்மை தெரிந்தால், பைத்தியம் என்று சொல்லிப் பிறந்த வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள் என்ற பயம்.

"தையல் அக்காவுக்கு ஒந் தூக்கத்தப் பத்தி என்ன?"

"மிஷின்லயே தூங்கி விழுறா, அதான் கேட்டேன்" என்றேன். பந்தல்குடி வரும்வரை அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் மறுபடி வர ஒரு மாதம் ஆனது. இப்போது யார் வந்தாலும், "வெளியில பாத்தா நான் ஒங்களத் தெரிஞ்ச மாதிரி இருக்கணுமா, வேணாமா?" என்றுதான் முதலில் கேட்கிறேன். அவளிடமும் கேட்டேன்.

"தையல் அக்காவாவே இருங்கக்கா" என்றாள்.