பதினான்காம் வீட்டில் இரண்டு பேர்

பிரேமாவதி 1977இல் மலேசியாவில் லூனாஸ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். குலிம் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம், கணினி வன்வட்டுத் தட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துக் கீறல் பார்க்கும் வேலை. 2019இல் அந்தப் பிரிவை மூடினார்கள். நாற்பத்திரண்டு வயதில் மாலை வகுப்பில் சேர்ந்து நிரல் எழுதக் கற்றார். 2021 முதல் சுங்கைப் பட்டாணியில், யோகேந்திரனின் இரண்டு அறை அலுவலகத்தில் வேலை.

தொழில் மாறினாலும் கை மாறவில்லை. ஜேசன் கோப்பு, அதாவது பெயரும் மதிப்பும் ஜோடி ஜோடியாக அடைப்புக்குறிக்குள் அடுக்கிய தரவுக் கோப்பு, வந்தால் மற்றவர்கள் ஒரே வரியில் ஆயத்த நிரல் நூலகத்திடம் ஒப்படைத்துவிடுவார்கள். அது முழுவதையும் படித்து அட்டவணையாகக் கொடுத்துவிடும். பிரேமாவதி அதே நூலகத்தில் இருக்கும் கைவழி வாசிப்பானைத்தான் எடுப்பார். அது கோப்பைத் துண்டு துண்டாகத் தரும்: அடைப்புக்குறி திறந்தது, பெயர், மதிப்பு, அடுத்த பெயர், மதிப்பு, அடைப்பு மூடியது.

"அக்கா அரிசியில கல்லு பொறுக்குறாங்க, யாரும் தொந்தரவு பண்ணாதீங்க லா" என்பான் முதலாளி யோகேந்திரன். அவனுக்கு இருபத்தொன்பது வயது.

"கல்லு கடிச்சா உன் பல்லுதான் தம்பி போகும்."

2025 அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை. ஒரு தோட்டத்துப் பதினான்காம் வீட்டு மருதம்மாள், சிறுநீரகம் கெட்டவர், ரத்தம் கழுவும் டயாலிசிஸ் நிலையத்துக்குப் போக விடியற்காலை ஐந்து இருபதுக்கே வாசலில் நின்றார். நிலையத்து வேன் நிற்காமல் போய்விட்டது. மதியத்துக்குள் மூச்சு வாங்கியது. பக்கத்து வீட்டார் காரில் ஏற்றி மருத்துவமனையில் சேர்த்ததால் பிழைத்தார்.

மறுநாள் காலை நிலையத்தின் மேலாளர் சீதாலட்சுமி வேன் ஓட்டுநர் ரவிச்சந்திரனைக் கூப்பிட்டார். ஓட்டுநரின் போனுக்கு அன்றன்று ஏற்ற வேண்டியவர்களின் பட்டியலை அனுப்பும் நிரல் யோகேந்திரன் எழுதியது. ஆகவே அவனும் பிரேமாவதியும் வந்திருந்தார்கள்.

"லிஸ்ட்ல அந்தம்மா பேரே இல்ல மேடம்."

"என் ஸ்கிரீன்ல இருக்கே! நீங்கதான் எதையோ தட்டி அழிச்சிருக்கீங்க."

"பதினோரு வருசமா வேன் ஓட்டுறேன். வாட்ஸாப்ல வர்ற குட்மார்னிங்கையே எனக்கு அழிக்கத் தெரியாது லா."

சீதாலட்சுமி சிரிக்கவில்லை. "வெள்ளிக்கிழமைக்குள்ள காரணம் தெரியணும். இல்லன்னா சாவிய வச்சிட்டுப் போயிடுங்க."

யோகேந்திரன் தன் நிரலை மூன்று முறை ஓட்டிப் பார்த்தான். பிழை எதுவும் காட்டவில்லை. "நம்ம பக்கம் கிளீன் அக்கா" என்றான்.

"மூலக் கோப்ப எனக்கு அனுப்பு."

மதியம் இரண்டு மணிக்கு உட்கார்ந்தார். வாசிப்பான் தரும் ஒவ்வொரு துண்டையும் திரையில் எழுதச் செய்து, விரலை வைத்துக்கொண்டு படித்தார். மருதம்மாள் இருந்தார். அவர் விவரத்துக்கு மேலே தலைப்பாக இருந்த பெயர், 'வீடு 14'. நாற்பது வரி தள்ளி மறுபடியும் 'வீடு 14'. அதில் இருந்தவர் பிச்சை.

தோட்டத்தில் ஆளை வீட்டு எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஓட்டுநருக்கும் அதுதான் வசதி என்று, நிலையத்தில் பதிவு செய்யும் கலைமகள் ஒவ்வொருவரையும் வீட்டு எண்ணின் கீழேயே பதிந்திருந்தாள். மருதம்மாளின் அண்ணன் பிச்சைக்கும் சிறுநீரகம் கெட்டு, திங்கட்கிழமைதான் புதிதாகச் சேர்ந்தார். அதே வீடு, ஆனால் அவருடைய முறை திங்கள், புதன், வெள்ளி. ஒரே அடைப்புக்குள் ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் நூலகத்தின் அந்த ஒரு வரி முறை பின்னால் வந்ததை வைத்துக்கொண்டு முன்னால் வந்ததை விட்டுவிடும். விட்டதைச் சொல்லாது.

பிரேமாவதி எண்ணினார். கோப்பில் அறுபத்திரண்டு பேர். போனில் ஐம்பத்தொன்பது.

புதிய பட்டியலையும் கையாலேயே எழுதினார்: திற, பெயர், மதிப்பு, மூடு. பெயரின் இடத்தில் ஆளுக்கு ஒரு பதிவு எண். வீடு அதற்குள் ஒரு விவரம், அவ்வளவுதான். முதல் முறை ஓர் அடைப்பை மூட மறந்தார். போன் கோப்பை ஏற்க மறுத்தது. மூடினார். மாலை ஐந்து நாற்பதுக்கு அறுபத்திரண்டு பேரும் போனில் இருந்தார்கள். சீதாலட்சுமிக்கு ஒரு பக்க அறிக்கை போனது. "வண்டியை நீங்களே தொடர்ந்து ஓட்டுங்கள்" என்று ரவிச்சந்திரனுக்கு அவர் செய்தி அனுப்பினார். மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை.

விடுபட்ட மற்ற இருவரில் ஒருவர் போன மாதம் இறந்துபோனவர், பெயரை இன்னும் யாரும் நீக்கவில்லை. இன்னொருவர் முருகையா, எழுபத்தொரு வயது. மனைவி உமாராணியும் பதினேழு வாரத்துக்கு முன் அதே வீட்டு எண்ணில் பதிந்து, அதே நிலையத்துக்கு வேறு கிழமைகளில் போகிறவர். மனைவியை வேன் ஏற்றிக்கொண்டு போகும். முருகையா அந்தப் பதினேழு வாரமும் தன் மோட்டார் சைக்கிளில் போய் வந்துகொண்டிருந்தார். இடம் இல்லை போலிருக்கிறது என்று நினைத்து அவர் யாரையும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை காலை வேன் அவர் வீட்டு முன் நின்றது. ஹெல்மெட்டை மாட்டி மோட்டாரில் உட்கார்ந்திருந்தார்.

"எறங்குங்க மாமா, வேன்ல ஏறுங்க" என்றார் ரவிச்சந்திரன்.

முருகையா இறங்கவில்லை. வேனுக்குள் எட்டிப் பார்த்தார்.

"யாரு எடத்துலப்பா?"

"உங்க எடத்துலதான்."