தில்லைநாயகம் சார்வாளின் வம்சக் கணக்கு

பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் புள்ளியியல் கற்பித்த தில்லைநாயகம் சார்வாளுக்குச் சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை. வம்சம்தான் இருந்தது, அதுவும் அபாய கட்டத்தில். ஓர் ஆணுக்குச் சராசரியாக ஒரு மகனுக்கு மேல் தேறாத வம்சம் என்றாவது அற்றுப்போயே தீரும். இது கணிதம், ஜோசியம் அல்ல. சார்வாளுக்கோ ஒரே மகள், ப்ரியா. ஆகவே தம் வம்சத்துக்கு மனத்துக்குள்ளேயே கருமாதி செய்துவிட்டு, மகளையாவது நிலைக்கக்கூடிய வம்சத்தில் சேர்க்க உறுதி பூண்டார்.

1994 ஆவணியில் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து காந்திமதிநாதன் பிள்ளை குடும்பத்தோடு பெண் பார்க்க வந்தார். அவர் மகன் கார்த்திகேசனும் ப்ரியாவும் ஒரே வங்கியில் வேலை. இருவருக்கும் பிடித்துப்போய், ஜாதகமும் பொருந்தியிருந்தது. சார்வாளுக்கு அது போதவில்லை.

"அண்ணாச்சி, உங்க தாத்தாவுக்கு ஆம்பளப் பிள்ளைய எத்தன?"

"எங்கப்பா ஒருத்தர்தான். அவருக்கு நான் ஒருத்தன். எனக்கு இவன் ஒருத்தன். ஏன் கேக்கிய?"

சார்வாளுக்கு வியர்த்தது. "நூல்ல தொங்குது அண்ணாச்சி! எங்கனயாவது ஒரு தலைமுறை தவறுச்சுன்னா உங்க வம்சம் பூண்டோட போயிரும்."

கேசரித் தட்டோடு வந்த அன்னத்தாய் அப்படியே நின்றாள். கணவரை அவளுக்கு இருபத்தைந்து வருடமாகத் தெரியும். ஆனாலும் இவ்வளவு தெரியாது.

காந்திமதிநாதன் துண்டை உதறி எழுந்தார். "என்னவே பேசுதீரு! பொண்ணு பாக்க வந்தவன்கிட்ட எழவுச் செய்தியா சொல்லுதீரு? கார்த்தி, கெளம்புலே!"

கார்த்திகேசன் அசையவில்லை. உள்ளறையிலிருந்து ப்ரியாவின் குரல் வந்தது: "அப்பா, பொம்பளப் பிள்ளைய ஏன் எண்ணல?"

மாப்பிள்ளையின் அம்மா பிடித்துக்கொண்டாள். "நல்லாக் கேளு தாயி! எனக்கு நாத்தனார் நாலு பேரு, மக ரெண்டு பேரு. அவளுவள எல்லாம் ஆத்துலயா விட்டாச்சு?"

சார்வாள் கண்ணை மூடி விரல் மடக்கினார். பஜ்ஜி ஆறியது. ப்ரியா கதவு விளிம்பைப் பற்றிக்கொண்டாள்.

"சராசரி ஒண்ணத் தாண்டிட்டு," என்றார் கடைசியில். "அழிவு நிச்சயமில்ல. அழியுறதுக்கு வெறும் வாய்ப்புதான்."

"வாய்ப்பா?" காந்திமதிநாதன் பைய உட்கார்ந்தார்; முகம் வெளுத்திருந்தது. "அப்ப தைக்கு எதுக்குக் காத்துக் கெடக்கணும்? அடுத்து வார மூர்த்தத்துலயே முடிச்சிருவோம்வே."

அப்படியே முடிந்தது. சார்வாள்தான் இளைத்துப்போனார். நிச்சயமான அழிவில் ஒரு நிம்மதி உண்டு. வாய்ப்பு என்று வந்துவிட்டால் தூக்கம் வராது. இரண்டு வருடம் கழித்து ப்ரியாவுக்கு இரட்டைப் பெண்கள் பிறந்தபோதும், ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் விரல் மடக்கிக்கொண்டுதான் நின்றார்.

"எண்ணுனது போதும்," என்று ஒன்றை அவர் கையில் திணித்தாள் அன்னத்தாய். "ஒழுங்காப் பிடிங்க. கழுத்து நிக்காது."