இருபாலையில் கொண்டி போட்ட அறை

இடுப்புக்குக் கீழே எனக்கு உணர்ச்சி இல்லாமல் போனபோது வயது இருபத்தேழு. பண்டத்தரிப்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஷெல் விழுந்து இடிந்த சுவரொன்று முதுகில் சரிந்தது. நான்கு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு நீர்வேலி வீட்டுக்குத் திரும்பினால், என்னைத் தூக்கவோ புரட்டவோ அம்மாவுக்குத் தெரியவில்லை. ஐயாவுக்குக் கூச்சம். நடக்க ஏலாதவர்களைப் பராமரிக்க ஆட்களைப் பழக்கி வீடுகளுக்கு அனுப்பும் நிலையம் ஒன்று அப்போது இருந்தது. அங்கிருந்துதான், நான் அக்கா என்று கூப்பிட்ட அந்தப் பெண் வந்தார்.

என்னைவிட ஆறேழு வயது கூட. குருநகர் மீன்பிடிக் குடும்பம். ஷெல்லடிக்கு இடம்பெயர்ந்து இருபாலையில் ஒரு வீட்டின் பின்பக்க அறையில் இருந்தார். காலை ஏழு மணிக்குச் சைக்கிளில் வந்து இறங்கி, கை கழுவி, துவாயை இடுப்பில் செருகிக்கொண்டு, "புரள்வமோ ரீச்சர்?" என்பார். கேட்காமல் என்னைத் தொட்டதேயில்லை. ஆஸ்பத்திரியில் ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. படுக்கைப்புண் வந்துவிடுமோ என்று முதுகையும் குதிக்காலையும் விரலால் அழுத்தி அழுத்திப் பார்ப்பார். சவர்க்காரம் கிடைக்காத நாட்களில் என் விரிப்புகளைப் பனம்பழம் போட்டுத் தோய்த்தார். அம்மா அவருக்கென்று தனியாக ஒரு தேத்தண்ணிக் கோப்பை வைத்திருந்தார். அது ஏன் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பேசாமல் இருந்தேன்.

எட்டு மாதத்தில் என்னைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு வசனம்தான்: "வீட்டிலை அண்ணை இருக்கிறார்." பன்னிரண்டு மணிக்கு மேல் ஒரு நிமிடம் நிற்கமாட்டார். அண்ணைக்குச் சாப்பாடு கொடுக்கவேண்டும் என்று சைக்கிளை எடுத்துவிடுவார். தங்கச்சியின் உழைப்பில் குந்தியிருந்து சாப்பிடும் ஒரு சோம்பேறியை நானே கற்பனைசெய்து, அந்த ஆள்மேல் கோபமும் வைத்திருந்தேன்.

நத்தாருக்கு முந்திய கிழமை, அக்காவின் லீவு நாளொன்றில், என்னைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனார்கள். மண்ணெண்ணெயில் ஓடும் வாடகைக் கார். திரும்பும்போது இருபாலையில் நிறுத்தச் சொன்னேன். கிறிஸ்தவரான அக்காவுக்கு நத்தார்ப் பண்டிகைக்குக் கொடுப்பதற்காக எங்கள் தோட்டத்து வாழைக்குலை ஒன்றைக் காரில் வைத்திருந்தோம். டிரைவர் காரை அந்த அறை வாசலுக்கு நேரே கொண்டுபோய் விட்டார். கதவில் வெளியே கொண்டி போட்டிருந்தது. ஆள் இல்லையென்று ஐயா திரும்பப் பார்க்க, உள்ளே யாரோ முனகினார்கள். ஐயா கொண்டியைத் தூக்கினார்.

கார் யன்னலால் நான் பார்த்தேன். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு மனிதர், சாரத்தோடு, கட்டில் காலில் கட்டப்பட்டிருந்தார். இடுப்பைச் சுற்றி ஒரு பழைய நூல்சேலை. ஐயாவைக் கண்டதும் இரண்டு கையையும் தூக்கிச் சின்னப்பிள்ளைபோலச் சிரித்தார். சேலை இழுபடும் தூரம்வரை வந்து, அங்கே நின்றார். என் உடம்பில் உணர்ச்சி மிஞ்சியிருந்த பாதியும் விறைத்துப்போயிற்று.

"சிவசிவா" என்று ஐயா முடிச்சில் கை வைத்தார்.

"உவரை அவிழ்க்காதேங்கோ ஐயா!"

நிவாரண அரிசிப் பையோடு அக்கா ஓடிவந்தார். என்னைக் கண்டதும் பை கையால் நழுவியது.

"என்னைக் கேட்டுக் கேட்டுப் புரட்டிற நீங்கள், கூடப்பிறந்தவரை மாடு மாதிரிக் கட்டி வைச்சிருக்கிறியளே!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

அவர் அழவில்லை. அண்ணையைக் கார்ப் பக்கம் திருப்பி, சேலையை விலக்கி இடுப்பைக் காட்டினார். "பாருங்கோ ரீச்சர்."

பார்த்தேன். ஒரு தழும்பில்லை, சிவப்பில்லை. எண்ணெய் பூசிய, துப்புரவான தோல். அது எந்தக் கையின் வேலை என்று எனக்குத் தெரியும். அதுதான் என்னை இன்னும் உலுக்கியது.

"பொம்பர் சத்தம் கேட்டா எல்லாரும் பங்கருக்கு ஓடுவினம். இவர் வெளியிலை ஓடிவந்து வானத்தைப் பாத்துக் கை காட்டுவார். குருநகரிலை இவரை இழுக்க ஓடித்தான் அம்மா செத்தவ. நிலையத்திலை தெரிஞ்சா எனக்கு வேலை தருவினமே?"

மூன்று நாள் அவர் வரவில்லை. அம்மா என்னைப் புரட்டத் தெரியாமல் புரட்டினார். அவர் என்னோடு நின்ற ஒவ்வொரு மணித்தியாலமும் அந்த மனிதர் கட்டில் காலோடு நின்ற மணித்தியாலம் என்பது எனக்குப் படுத்தபடியே உறைத்தது. நாலாம் நாள் வந்தபோது, "இனி அண்ணையையும் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றேன்.

"ஊர் என்ன கதைக்கும்?" என்று ஐயா முறுகினார். அம்மா இன்னொரு கோப்பையைத் தனியாக எடுத்து வைத்தார். ஆனாலும் அண்ணை வந்தார். சைக்கிள் கரியரில் இருந்து, தங்கச்சியின் இடுப்பைக் கட்டிப்பிடித்தபடி வருவார். வாழைகளுக்கு நடுவே மத்தியானம்வரை நடப்பார். நான் செய்த நன்மையை நினைத்து எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

மாசி மாதம் ஒருநாள் அக்கா என்னைக் கிணற்றடியில் கதிரையில் இருத்திக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். நான் தனியே நிமிர்ந்து இருக்கமாட்டேன். அவருடைய ஒரு கை எப்போதும் என் முதுகில் இருக்கும். பொம்பர் சத்தம் கேட்டது. வழக்கத்தில் என்னைப் பாயில் போட்டுப் பங்கருக்கு இழுப்பார். அன்று தோட்டப் பக்கம் ஒருதரம் பார்த்தார். என்னை ஈரச் சீமெந்தில் கிடத்திவிட்டு ஓடினார்.

வானத்துக்கு முகம் கொடுத்துக் கிடந்தேன். எழும்பவும் ஏலாது, தவழவும் ஏலாது. பொம்பர் தாழப் பதிந்து இரைந்துகொண்டு போனது. கிழக்கே எங்கேயோ குண்டு விழ, கிணற்றுக்கட்டு அதிர்ந்தது. அந்தச் சில நிமிடம் அண்ணையை நான் வெறுத்தேன். கூட்டிவரச் சொன்னவளே நான்தான்.

அண்ணையின் கையைப் பிடித்தபடி அக்கா திரும்பி வந்தார். முழங்கால் தோல் உரிந்து இரத்தம்.

"உங்களை விட்டிட்டுப் போட்டன் ரீச்சர்."

தோட்டத்திலிருந்து ஓடிவந்த ஐயா எங்கள் மூவரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு அக்காவிடம், "இனிச் சத்தம் கேட்டா நீ பிள்ளையைப் பார். அவரை நான் பாக்கிறன்" என்றார்.

அப்படியே நடந்தது. தொண்ணூற்றைந்தில் எல்லோரும் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது அவர்கள் இருவரும் எங்கள் உழவு இயந்திரப் பெட்டியில்தான் வந்தார்கள். சாவகச்சேரியில் பிரிந்து அவர்கள் வன்னிக்குப் போனார்கள். அங்கிருந்து ஒரேயொரு கடிதம் வந்தது. அண்ணை சுகமாம். கால் போன ஒரு பிள்ளையை அக்கா பார்க்கிறாராம். அந்தப் பிள்ளை கோபக்காரியாம், சாப்பிட மறுக்கிறாளாம், என்ன செய்யலாம் ரீச்சர் என்று என்னிடம் கேட்டிருந்தார்.