கேள்வி நேரம் முன்னுக்கு வந்த கதை

எங்கள் வட்டார சபைக் கூட்டத்துக்கு நான் முதலில் போனது ஒரு நிறுத்தப் பலகை கேட்கத்தான். நான் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற கார்டெரி, அதாவது பிள்ளைகள் காப்பகம், ஒரு தெருமூலையில் இருக்கிறது. அங்கே கார்கள் நிற்காமல் போகும். குடியுரிமை எடுத்தபிறகு வாக்குப் போட்டதைத் தவிர, மொன்றியலில் அரசாங்கத்தோடு எனக்கு வேறு கதை பேச்சு இருந்ததில்லை.

கூட்டம் ஏழு மணிக்கு. பொதுமக்கள் கேள்வி கேட்கிற நேரம் நிகழ்ச்சி நிரலில் ஆகக் கடைசி. பிரெஞ்சில் ஒவ்வொரு தீர்மானமாக வாசித்துக் கை உயர்த்தினார்கள். எட்டரையாகியும் பாதி முடியவில்லை. என் கணவருக்கு டவுன்டவுனில் இரவு வேலை. எங்கள் பிள்ளைகளைப் பார்க்க, அவர் வெளிக்கிட முதல் நான் வீட்டில் நிற்க வேண்டும். எழும்பி வந்துவிட்டேன். அடுத்த மாதமும் அப்படித்தான்.

மூன்றாம் முறை, மேல்மாடியில் இருக்கிற சென்னைப் பெண்ணையும் கூட்டிப் போனேன். கணினி நிறுவனத்தில் வேலை. பள்ளிக்கூடத்தில் மார்க்குக்காகப் பிரெஞ்சு எடுத்தவளாம், அது இப்போது எனக்கு உதவியது. அன்றும் கேட்காமலே திரும்பினோம்.

"அக்கா, பலகைய விடுங்க. கேள்வி நேரத்தையே முன்னாடி வைக்கச் சொல்லுங்க. கடைசில வச்சா யாரு உக்காந்திருப்பா?"

"அது அவையின்ர விதியல்லோ. நாங்கள் சொல்லி மாத்துவினமே?"

"அவங்க எழுதின விதிதானே. கேட்டுத்தான் பாப்போமே."

ஒரு பக்கத்தில் மனு எழுதினோம். அவளுக்கு இங்கே வாக்கு இல்லை, கையெழுத்துப் போடலாமோ என்று சபை அலுவலகத்தில் விசாரித்தாள். "இங்கேதானே வசிக்கிறீர்கள்? போடுங்கள்" என்றாராம் அங்கிருந்த பெண். இரண்டு கிழமை சலவைக்கடை வாசலிலும் தெப்பனர் என்கிற மூலைக்கடையிலும் மறித்து மறித்துக் கேட்டோம். எங்கள் கட்டிடத்து டாக்சி ஓட்டும் அண்ணை மட்டும் பேனையைத் தொடவில்லை.

"ஊரில இப்பிடிப் பேப்பரில பேர் எழுதிக் குடுத்துப் பட்ட பாடே காணும், தங்கச்சி."

நான் வற்புறுத்தவில்லை. நாலு நாள் கழித்து அவரே கதவைத் தட்டி, மனுவை வாங்கி, மூன்று தரம் வாசித்துக் கையெழுத்து வைத்தார். பேந்து அவர் கொண்டுவந்த ஆட்கள்தான் அதிகம்.

மனு சபைக்கு வந்த அன்று கணவர் லீவு எடுத்துப் பிள்ளைகளைப் பார்த்தார். உறுப்பினர் ஒருவர், இது நெடுநாள் வழமை, மாற்றினால் சபை வேலை பிந்தும் என்றார். அப்போது வயதான பெண் உறுப்பினர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இப்போது மண்டபத்தில் எத்தனை பேர்?" என்று கேட்டார். நேரம் ஒன்பதைத் தாண்டியிருந்தது; அண்ணையும் நாங்கள் இரண்டு பேரும் மட்டும் இருந்தோம். எல்லாரும் எங்களைப் பார்க்க எனக்குக் கூச்சமாகிவிட்டது. ஒரு வாக்கு வித்தியாசத்தில் மனு வென்றது.

அடுத்த மாதம் கதிரை போதாமல் சனம் சுவரோடு நின்றது. என் முறை வந்ததும், பாடமாக்கிய பிரெஞ்சு வசனம் அப்படியே மறந்து போயிற்று. "பிள்ளைகள். கார். நிற்பதில்லை" என்று மூன்று துண்டாகச் சொன்னேன். தலைவர் பொறுமையாகக் கேட்டார், ஆராய்வதாகச் சொன்னார். இலை கொட்டத் தொடங்க முதல் பலகை வந்துவிட்டது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நான் பலகை கேட்ட அன்று, கேள்வி நேரம் முடிந்த கையோடு மண்டபம் காலி. நாங்கள் கேட்டு வாங்கிய மாற்றத்தால் இப்போது அவர்கள் வெறும் கதிரைகளுக்குத் தீர்மானம் வாசிக்கிறார்கள். எனக்கு மனம் கேட்கவில்லை. வீட்டுக்குப் போக இன்னும் நேரம் இருந்தது, இருந்து கேட்டேன். எந்தத் தெருவில் முதலில் பனி அள்ளுவது என்று ஒரு பட்டியல் வாசித்தார்கள். எங்கள் தெரு கடைசிக்கு முந்தினது.

வெளியே வந்து சென்னைக்காரிக்குப் போன் எடுத்தேன்.

"பனி அள்ளுறதுக்குப் பிரெஞ்சில என்னண்டு சொல்லுறது?"

"எதுக்கு அக்கா?"

"வாற மாசத்துக்கு."