துணி அடைத்த மணி

எங்கள் மோன்ட்ரெல் மலையில் பெண்களின் உலகக் கோப்பைப் பனிச்சறுக்குப் பந்தயம் நடக்கும்போதெல்லாம் சரிவில் முதல் ஆளாக இறங்கியவள் என் அக்கா மகள் லுதிவின். உடனே பெருமைப்பட வேண்டாம். அவள் முன்னோட்டக்காரி. வீராங்கனைகள் வருவதற்கு முன்னால், தடம் சரியாக இருக்கிறதா என்று ஓடிக் காட்டுபவள். சட்டையில் நம்பர் கிடையாது. பலகையில் நேரம் வராது. ஒலிபெருக்கிக்காரன் பெயரைக்கூடச் சொல்ல மாட்டான்.

ஒரு காலத்தில் தேசிய அணியில் இருந்தவள்தான். வலது முழங்கால் இரண்டு முறை போனது. இரண்டாம் முறை அணியும் கைவிட்டுப் போனது. அதன் பிறகு மலைக்கு ஆள் ஏற்றும் தொங்கு நாற்காலி நிலையத்தில் டிக்கெட் பார்த்துக்கொண்டே, யாரும் வேடிக்கை பார்க்காத சின்னப் பந்தயங்களில் ஓடினாள். முப்பதை நெருங்கியும் விடவில்லை. சொந்த ஊர்ப் பந்தயத்தின் எல்லைக்கோட்டில் தனக்காக மணி அடிக்க வேண்டும் என்ற ஏக்கம் அவளை விடவில்லை.

கனத்த கையுறையோடு என்ன கைதட்டுவது? நாங்கள் பசுவின் கழுத்து மணியைக் கழற்றி வந்து ஆட்டுவோம். ஆனால் முதல் நம்பர் கிளம்பும்வரை மணிக்குள் துணி அடைத்திருக்கும். முன்னோட்டக்காரிக்கு அடித்தால் பந்தயத்தில் எவளாவது விழுவாள் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. சுத்த முட்டாள்தனம். ஆனாலும் அடித்துப் பார்க்க எனக்கும் தைரியம் வந்ததில்லை.

அக்கா இவெத், மார்க்கீஸ் என்ற பசுவின் மணியோடு எப்போதும் முன்வரிசையில் நிற்பாள்.

“அம்மா, ஒரே ஒரு தடவை அடிச்சிடேன். லேசா.”

“நம்பர் போட்டுக்கிட்டு வாடி. கை கழண்டு விழற வரைக்கும் அடிக்கிறேன்.”

“நம்பர் என்ன சந்தையிலயா விக்குது?”

அந்த வருடம் நம்பர் கிடைத்தது. பயிற்சியில் அணிப் பெண் ஒருத்திக்குத் தோள் மூட்டு விலகிவிட, பயிற்சியாளர் லுதிவினைக் கூப்பிட்டார். கடைசி நம்பர்தான். இருந்தால் என்ன? பந்தயத்தன்று காலையில் என்னைத் தேடி ஓடி வந்தாள். நான் கொடிவாசல் நடுவர். கம்பங்களை ஒழுங்காகக் கடக்கிறார்களா என்று பார்ப்பது என் வேலை. யாருக்கும் குரல் கொடுக்கக் கூடாது.

“மாமா, மனசுக்குள்ளயாவது கத்துங்க.”

“கத்துறேன். நீ முழங்காலப் பாத்துக்க.”

“அது தூங்குது. எழுப்பி விடாதீங்க.”

பெரிய பெயர்கள் இறங்கி முடிந்ததும் எங்கள் ஊர் ரசிகர்கள் ஒயினில் வெந்த தொத்திறைச்சிக்கு ஓடிவிட்டார்கள். பின்னால் வருகிற பெண்களும் அதே மலையில்தான் உயிரைப் பணயம் வைக்கிறார்கள் என்று ஒருவனுக்காவது தோன்ற வேண்டுமே! பிறகு மூடுபனி இறங்கியது. என் கொடியே எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் வயர்லெஸ்ஸில் சொன்னார்கள்: பந்தயம் நிறுத்தப்பட்டது, வந்தவரைக்கும் கணக்கு, மேலே மிச்சமிருப்பவர்கள் கேபிள் காரில் இறங்கலாம்.

கம்பங்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது ஓரமாக மெதுவாகச் சறுக்கி வந்தாள் லுதிவின். நெஞ்சில் நம்பர்.

“கேபிள் கார்ல போகலையா?”

“எல்லைக்கோட்டுக்குக் கேபிள் கார் போகாது, மாமா.”

நானும் கம்பங்களை ஓரமாகப் போட்டுவிட்டுக் கிளம்பினேன். இருவரும் சேர்ந்தே இறங்கினோம். ஒரு கட்டத்தில் வலமா இடமா என்றே புரியாமல் நின்றுவிட்டோம். அப்போதுதான் கீழே மணி கேட்டது. கோடையில் மூடுபனியில் மாட்டைத் தேடும்போது கேட்குமே, அதே மார்க்கீஸ் மணி. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே இறங்கினோம்.

எல்லைக்கோட்டில் அக்கா மட்டும் நின்று ஆட்டிக்கொண்டிருந்தாள்.

“பந்தயம் நின்னுபோச்சே அக்கா, கேக்கலையா?”

“எனக்கும் காது இருக்குடா. என் பொண்ணு இன்னும் வரலையே.”

லுதிவின் கோட்டைத் தாண்டி நின்றாள். “நான் ஓடவே இல்லம்மா,” என்றாள். குரல் உடைந்துவிட்டது. எனக்கும் அழுகை வந்தது.

“நம்பரோட வந்தா அடிக்கிறேன்னு சொன்னேன்ல? வந்துட்ட, அடிச்சுட்டேன்.” அக்கா பழக்கத்தில் பையிலிருந்து துணியை எடுத்தாள்.

லுதிவின் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வைக்காதேம்மா. இன்னும் கொஞ்ச நேரம் அடி.”