தெவசத்தன்று வறுத்த கோஸ்

முட்டைக்கோஸ் ஓரம் சிவந்து முறுகும் வாசனை வந்தாலே எனக்கு ஒரு பழைய தெவசம் ஞாபகம் வரும். இன்று காலை வறுக்கும்போதும் வந்தது. செய்முறை என்று பெரிதாக ஒன்றுமில்லை, கேளுங்கள். விரல் கனத்துக்கு நறுக்கி, இரும்புச் சட்டியில் கடுகு தாளித்து, மஞ்சளும் சாம்பார்பொடியும் உப்பும் போட்டுப் புரட்டி, கடைசியில் கொஞ்சம் அரிசி மாவு தூவ வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது. சும்மா சும்மா கிளறவும் கூடாது. எனக்கு அந்தப் பொறுமை மட்டும் உண்டு, வேறெதற்கும் கிடையாது.

பூதலூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போன புதிதில் இந்த வறுவலால்தான் எனக்குப் பேர். என் ஓரகத்தி, வீட்டின் மூத்த மருமகள், அக்கா என்றுதான் கூப்பிடுவேன், சட்டியிலிருந்தே எடுத்துத் தின்பார். அப்போது தஞ்சாவூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு டீச்சர் வேலைக்கு ஆர்டர் வந்திருந்தது. மாமனார் தெவசம் முடியட்டும், சொல்கிறேன் என்று மாமியார் இழுத்துக்கொண்டிருந்தார்.

தெவசத்தன்று இவர் இலை அறுக்கக் கொல்லைக்குப் போயிருந்தார். அடுப்படியில் நானும் அக்காவும்தான்.

"கோஸையும் வறுத்துடு."

"தெவசத்துக்கு இங்கிலீஷ் காய் ஆகாதேக்கா?"

"நம்ம வீட்ல அதெல்லாம் பாக்குறதில்ல. மாமாவுக்கு அதுன்னா உசுரு. நீ போடு."

போட்டேன். படையல் இலையில் அதைப் பார்த்ததும் மாமியாருக்கு முகம் மாறிவிட்டது. "யாரு இதப் பண்ணச் சொன்னா?" நான் அக்காவைப் பார்த்தேன். "எனக்கென்ன தெரியும்? நான் வாழக்கா வறுக்கத்தான் சொன்னேன்" என்றார், கண்ணைக்கூட இமைக்கவில்லை. பாவி! நான் வேலைக்குப் போய்விட்டால் அடுப்படி மொத்தமும் தன் தலையில் விழுமே என்ற பயம்.

"மொதல்ல வீட்டு வழக்கத்தக் கத்துக்கட்டும். வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்றார் மாமியார். சேர வேண்டிய நாள் தாண்டிப்போனது. நான் டீச்சர் ஆகவே இல்லை.

இப்போது அந்த வீடும் இல்லை. தெவசத்துக்குச் சமைக்க ஆள் வருகிறது; கேட்டால் கோஸும் வறுத்துத் தருவார்கள் போல!

போன மாதம் அக்கா தவறினார். காரியம் முடிந்து ரயிலில் திரும்பும்போது இவர் சாவகாசமாகச் சொன்னார்: "பாவம் அண்ணி. அன்னிக்கு கோஸ் வறுக்கச் சொன்னது அவங்கதான்னு எனக்குத் தெரியும். இலையோட கொல்லக் கதவுகிட்டதான் நின்னேன். எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன்."

அக்கா மேலிருந்த கோபம் அங்கேயே போய்விட்டது. இவர் காதில் விழுந்திருந்தால் எனக்காகப் பேசியிருப்பார் என்று நினைத்துத்தான் இத்தனை வருடம் குடித்தனம் செய்தேன். அதுவும் போயிற்று.