சிரிக்கும் படத்துக்கு நாலு வரி

தங்கை இறந்து மூன்றாவது வாரம் அவளுடைய கணவர் லண்டனின் மிச்சம் (Mitcham) பகுதியிலிருந்து என் வீட்டுக்கு வந்தார். முப்பத்தோராம் நாள் சடங்கில் கொடுக்கும் நினைவுமலருக்கு அவளுடைய படம் ஒன்றைத் தெரிவு செய்திருந்தார். அதற்குக் கீழே போட நான் நாலு வரி கவிதை எழுதித்தர வேண்டும். அச்சகத்தில் ஆயத்தமாக இருக்கும் வரிகள் அவருக்குப் பிடிக்கவில்லை. அவற்றில் எல்லாப் பெண்களும் குலவிளக்குத்தான்.

பத்திரிகையில் நான் எழுதியது செய்தி மட்டுமே. கவிதை பழக்கமில்லை. மறுநாள், தங்கையும் நானும் வழக்கமாகப் போகும் ஓவியக்கூடத்துக்குப் போனேன். விக்டோரியா காலத்து அறையில் அவளுக்குப் பிடித்த படம் ஒன்று உண்டு. ஜன்னலோரம் பச்சை உடுப்பில் தூங்கும் ஒரு பெண். அந்தக் காலத்து ஓவியர்கள் சிலர் தங்கள் படத்துக்குத் தாங்களே கவிதையும் எழுதிச் சட்டத்தில் பொறிப்பார்கள். இதற்கும் பொன்முலாம் பூசிய சட்டத்தின் அடியில் ஒரு கவிதை இருந்தது. தங்கை அதை வாசித்துவிட்டுத்தான் பின்னால் தள்ளி நின்று படத்தைப் பார்ப்பாள்.

"கடலுக்குப் போனவன் இனி வரமாட்டான் எண்டு கீழ எழுதிக் கிடக்கு," என்றாள் ஒருமுறை. "வாசிச்ச எங்களுக்குத் தெரியும் அண்ணை. பாவம், இவவுக்குத்தான் தெரியாது."

தனியாக நின்று வாசித்தேன். தூரிகைக்குக் கிடைப்பது ஒரு கணம். அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லவே ஓவியருக்குச் சொற்கள் வேண்டியிருந்தன என்று தோன்றியது.

மைத்துனர் தெரிவு செய்த படம் குட்மேய்ஸில் ஒரு கலியாணத்தில் எடுத்தது. தங்கை தலையைச் சாய்த்துச் சிரிக்கிறாள். அடுத்த திங்கட்கிழமைதான் டாக்டர் பரிசோதனை முடிவைச் சொன்னார். நான் எழுதிய நாலு வரியில் அந்தத் திங்கட்கிழமை இருந்தது. ஆஸ்பத்திரிக் கதிரையில் அவள் மடியில் மடித்து வைத்திருந்த கோட்டும் இருந்தது.

மைத்துனர் இரண்டு தரம் வாசித்தார். தாளை மேசையில் வைத்து, விளிம்பை விரலால் நேராக்கினார்.

"நல்லா இருக்கு மச்சான். எல்லாம் உண்மைதான். ஆனா உந்த வரியளை இந்தப் படத்துக்குக் கீழ போட ஏலாது. இதில அவவுக்கு இன்னும் ஒண்டும் தெரியாது."

நினைவுமலரில் அச்சகத்து வரிகளே வந்தன. மோர்டன் மண்டபத்தில் அதை வாங்கியவர்கள் வரிகளை வாசிக்கவில்லை. படத்தைப் பார்த்துவிட்டு, நல்லாச் சிரிக்கிறா என்றார்கள். வாசலில் நின்ற மைத்துனர் ஒவ்வொருவருக்கும் ஓம் என்று தலையாட்டினார்.